‘ஓடவில்லை’ என்னும் ஒரு சொல்: டிவிடி வட்டுகளும் திறமூல மென்பொருளும்



மொழி மன்றத்தின் மேடையில் நின்று கணினிப் பழுதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது இந்த அவைக்கு உரிய பொருள்தானா என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். உரியதே என்பதை இந்த உரையின் முடிவில் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஜொகூர் மாநிலத்தின் உட்பகுதியில் இருந்த ஒரு தோட்டப் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என் இல்லத்திற்கு வந்தார். அந்தப் பள்ளி இப்போது அந்தத் தோட்டத்தில் இல்லை. நகரத்துக் குடியிருப்பு ஒன்றின் அருகே இடம் மாறிவிட்டது. அவர் கையில் ஒரு டிவிடி வட்டு. அதன் மேல் மையால், ‘ஆண்டு விழா 2006’ என்று எழுதியிருந்தது. “தம்பி, இது ஓடவில்லை. பள்ளிக் கணினியில் போட்டேன், மகன் வீட்டில் போட்டேன், கடையிலும் கொடுத்துப் பார்த்தேன். செத்துப் போன சிடி என்று சொல்லிவிட்டார்கள். நீங்களும் ஒருமுறை பாருங்கள்” என்றார். அந்த விழாவில் தோட்டத்துப் பாட்டி ஒருவர், பால்மரம் வெட்டிய காலத்துப் பாட்டுகளை மேடையேறிப் பாடினாராம். பாட்டி இன்று இல்லை. அந்தப் பாட்டுகளை வேறு எவரும் எழுதி வைக்கவும் இல்லை. வேறு படியும் இல்லை.

அந்த வட்டோடு நான் பட்ட பாட்டையும், அதிலிருந்து கற்ற பாடத்தையுமே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரு சொல்லுக்குள் பல நோய்கள்

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவனுக்கு ஒரு வரிசையைக் கற்பிக்கிறது. முதலில் நோய் எது என்று தெளிய வேண்டும். பிறகு அதன் காரணத்தைக் காண வேண்டும். அதன் பின்னரே தணிக்கும் வழியை நாட வேண்டும். கணினிப் பழுதுக்கும் இந்த வரிசை பொருந்தும். ஆனால் நாம் பெரும்பாலும் ‘ஓடவில்லை’ என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறோம். நோயைப் பெயரிட்டுச் சொல்லாதவனுக்கு எந்த மருத்துவனும் மருந்து தர இயலாது.

‘ஓடவில்லை’ என்பது குறைந்தது ஆறு வெவ்வேறு நிலைகளைக் குறிக்கலாம். ஒன்று, வட்டு உள்ளே இருப்பதையே கணினி அறியவில்லை. இரண்டு, வட்டை அறிகிறது. ஆனால் வெறுமையானது என்கிறது. மூன்று, பட்டியல் பக்கம் தோன்றுகிறது. படம் தொடங்கியதும் பச்சைக் கட்டங்களாகச் சிதறுகிறது. நான்கு, படம் ஓடிப் பாதியில் உறைகிறது. ஐந்து, படம் தெரிகிறது, ஒலி இல்லை. ஆறு, படமும் ஒலியும் உள்ளன. துணைத்தலைப்புத் தமிழ் மட்டும் கட்டம் கட்டமாகக் குலைந்து நிற்கிறது. இந்த ஆறுக்கும் காரணங்கள் வேறு, தீர்வுகளும் வேறு.

வட்டின் உடலமைப்பு

காரணங்களுக்குள் புகுமுன் வட்டின் உடலமைப்பைச் சற்று அறிவோம். டிவிடி வட்டின் தர வரையறை 1995ஆம் ஆண்டு இறுதியில் முடிவாகி, 1996 நவம்பரில் சப்பானில் முதல் கருவிகள் விற்பனைக்கு வந்தன. வட்டின் குறுக்களவு 12 சென்டிமீட்டர், தடிமன் 1.2 மில்லிமீட்டர். குறுந்தட்டுக்கும் இதே அளவுதான். வேறுபாடு உள்ளே இருக்கிறது. குறுந்தட்டில் தகவல் தளம் மேற்புறத்து எழுத்துகளுக்குச் சற்றே கீழே உள்ளது. டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு வட்டுகளை ஒட்டி, நடுவே தகவல் தளத்தை வைத்திருக்கிறார்கள். குறுந்தட்டின் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி; டிவிடியில் அது 0.74 மைக்ரோமீட்டர். படிக்கும் ஒளிக்கற்றையின் அலைநீளமும் 780 நானோமீட்டரிலிருந்து 650 ஆகக் குறைந்தது. இதனால்தான் ஏறத்தாழ 700 மெகாபைட் கொண்ட குறுந்தட்டின் அளவிலேயே, ஓரடுக்கு டிவிடி 4.7 கிகாபைட்டையும் ஈரடுக்கு டிவிடி 8.5 கிகாபைட்டையும் தாங்குகிறது.

தடம் நெருங்க நெருங்கத் தூசியும் கீறலும் பெரிதாகின்றன. ஆயினும் வட்டில் பிழை திருத்தும் கணக்கும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. மையத்திலிருந்து விளிம்பை நோக்கிச் செல்லும் கீறல் ஒவ்வொரு தடத்திலும் சிறிதளவே கெடுப்பதால், அந்தக் கணக்கு அதனை ஈடுசெய்துவிடும். தடத்தின் போக்கிலேயே வளைந்து செல்லும் கீறல்தான் தொடர்ந்து நீண்ட பகுதியைக் கெடுக்கும். ஆகவே, வட்டைத் துடைக்கும்போது மென்மையான துணியால் மையத்திலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். நம்மில் பலர் தட்டைக் கழுவுவதுபோல் சுற்றிச் சுற்றித் துடைக்கிறோம். அதுவே கேட்டை விளைவிக்கிறது.

முதல் ஐயம்: குற்றம் எவருடையது?

வட்டு ஓடாவிட்டால் முதற்கேள்வி, குற்றம் வட்டினுடையதா, டிரைவினுடையதா, மென்பொருளினுடையதா என்பது. இதற்கு விடை காண ஒரு நல்ல வட்டே போதும். அது அதே கணினியில் ஓடினால் டிரைவ் நலமாக இருக்கிறது. அதுவும் ஓடாவிட்டால், டிரைவையோ மென்பொருளையோ ஐயுறலாம். மடிக்கணினிகளோடு யுஎஸ்பி வழி இணைக்கும் மெல்லிய டிரைவுகளுக்குப் போதிய மின்சாரம் கிடைக்காமல் போவது வழக்கமான குறை. அவற்றைப் பலமுனை இணைப்பியில் செருகாமல் கணினியில் நேரடியாகச் செருகிப் பார்க்க வேண்டும். வட்டின் மேல் காகித ஒட்டுத்தாள் இருந்தால், அது சுழலும்போது சமநிலை குலைந்து படிப்பதைக் கெடுக்கும்.

மென்பொருளைப் பொறுத்தவரை, பள்ளிகளில் பலருக்கும் நேர்ந்த ஒரு குழப்பத்தைச் சொல்ல வேண்டும். 2012ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 8 தொடங்கி, டிவிடி திரைப்பட வட்டுகளை இயக்கும் திறன் அந்த இயங்குதளத்தோடு இயல்பாக வருவதில்லை. பழைய கணினியில் ஓடிய வட்டு புதிய கணினியில் ஓடாமற்போனதும், வட்டுதான் கெட்டது என்று முடிவு செய்து குப்பையில் எறிந்தவர்கள் உண்டு. வட்டில் ஒரு குறையும் இல்லை. படிக்கத் தெரிந்த மென்பொருள்தான் இல்லை.

அந்த இடைவெளியை நிரப்பியவற்றுள் முதன்மையானது விஎல்சி என்னும் திறமூல மென்பொருள். பாரிஸ் நகர்ப்புறத்து எக்கோல் சென்ட்ரால் என்னும் பொறியியற் கல்லூரி மாணவர்கள், தங்கள் வளாக வலையமைப்பில் காணொளியை அனுப்புவதற்காக 1996ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டம் அது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளில் அதன் மூலநிரல் பொது உரிமத்தின்கீழ் உலகிற்குத் திறந்துவிடப்பட்டது. மாணவர்களே, இதை நீங்கள் நினைவில் கொள்ள வேண்டும். உங்களைப் போன்ற மாணவர்கள் தங்கள் தேவைக்காகத் தொடங்கிய ஒன்றுதான், இன்று தமிழ் இடைமுகத்தோடும் நம் கணினியில் இயங்குகிறது. அந்தத் தமிழாக்கமும் தன்னார்வலர்களின் உழைப்பே.

நம் நாட்டிலும் 2004ஆம் ஆண்டில் பொதுத்துறைக்கான திறமூல மென்பொருள் பெருந்திட்டம் தொடங்கப்பட்டது. உரிமக் கட்டணம் இல்லை என்பது ஒரு பயன். உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க முடியும் என்பது அதனினும் பெரிய பயன்.

மண்டலமும் பூட்டும்

இனி மூன்றாம் நோய்: பட்டியல் தோன்றும், படம் சிதறும், அல்லது ‘திறக்க இயலவில்லை’ என்று மென்பொருள் கைவிரிக்கும். கடையில் வாங்கிய திரைப்பட வட்டுகளுக்கே பெரும்பாலும் இது நேர்கிறது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது மண்டலக் குறியீடு. டிவிடியை வகுத்தவர்கள் உலகை மண்டலங்களாகப் பிரித்தார்கள். மலேசியாவும் சிங்கப்பூரும் உள்ளிட்ட தென்கிழக்காசியா மூன்றாம் மண்டலம். இந்தியாவும் இலங்கையும் ஐந்தாம் மண்டலம். வட அமெரிக்கா ஒன்று. ஐரோப்பாவும் சப்பானும் இரண்டு. தமிழர் ஒரே மொழியைப் பேசினாலும், வட்டின் கணக்கில் சென்னையும் யாழ்ப்பாணமும் ஒரு மண்டலம். ஜொகூர் பாரு வேறு மண்டலம். இலண்டனும் தொராந்தோவும் தனித்தனி மண்டலங்கள். ஊருக்குச் சென்ற உறவினர் ஆசையோடு வாங்கி வந்த வட்டு இங்கே மறுக்கப்படுவதற்கு இந்தக் கோடும் காரணமாகலாம். ஆயினும் எல்லாப் பழியையும் இதன்மேல் போட வேண்டா. அயல்நாட்டுத் தமிழரை எண்ணி வெளியிடப்பட்ட தமிழ்த் திரைப்பட வட்டுகளில் பல, எல்லா மண்டலங்களிலும் ஓடும்படியே செய்யப்பட்டவை. உறையின் பின்புறத்தில் உலக உருண்டைக்குள் எந்த எண் அச்சாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

2000ஆம் ஆண்டு முதல் உருவான கணினி டிரைவுகள் மண்டல எண்ணைத் தம்முள்ளேயே வைத்திருக்கின்றன. பயனர் அதனை ஐந்து முறை மட்டுமே மாற்றலாம். ஐந்தாம் முறை எதைத் தேர்ந்தாரோ, அதிலேயே டிரைவ் நிலைத்துவிடும். பள்ளிக் கணினியில் ஆளுக்கொரு முறை மாற்றிப் பார்த்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடிக்கடி இரு மண்டல வட்டுகளைப் பயன்படுத்தும் நூலகம், இரண்டு டிரைவுகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் ஒரு மண்டலத்திற்கு ஒதுக்கிவிடுவதே நேரிய வழி.

இரண்டாவது காரணம், திரைப்பட வட்டுகளின் உள்ளடக்கத்தைக் குலைத்து வைக்கும் 40 பிட் பூட்டு. உரிமம் பெற்ற கருவிகளுக்கு மட்டுமே அதன் சாவி வழங்கப்பட்டது. லினக்ஸ் பயனருக்கு அத்தகைய சாவி எளிதில் கிட்டவில்லை. 1999 அக்டோபரில் இந்தப் பூட்டைத் திறக்கும் ஒரு நிரல் வெளியாயிற்று. அதனோடு தொடர்புடைய யோன் லெக் யோஹான்சன் என்னும் நார்வே இளைஞர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். தாம் பணம் கொடுத்து வாங்கிய வட்டைத் தம் கணினியில் பார்ப்பது குற்றமா என்பதே அங்கு எழுந்த வினா. 2003 ஜனவரியில் அவர் விடுவிக்கப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பு நிலைத்தது.

விஎல்சியை உருவாக்கிய குழுவினர், பூட்டிய வட்டைப் படிப்பதற்கென ‘லிப்டிவிடிசிஎஸ்எஸ்’ என்னும் தனி நிரல் தொகுப்பை எழுதினார்கள். விண்டோசுக்கும் மேக் கணினிக்கும் உரிய விஎல்சியில் இது உள்ளடங்கியே வருகிறது. உபுண்டு, டெபியன் முதலிய லினக்ஸ் வெளியீடுகள் சட்டத் தயக்கத்தால் இதனை நேரடியாகச் சேர்ப்பதில்லை. ‘லிப்டிவிடி-பிகேஜி’ என்னும் பொதியை நிறுவி, அதன் அமைவுக் கட்டளையையும் இயக்கினால்தான் அது மூலநிரலை இறக்கித் தொகுத்துக்கொள்ளும். பலர் பொதியை நிறுவுவதோடு நின்று, அமைவுக் கட்டளையை மறந்துவிடுகிறார்கள். ‘நிறுவியும் ஓடவில்லை’ என்னும் முறையீட்டின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. நார்வே நீதிமன்றத்தின் தீர்ப்பு நார்வேக்கு உரியது. நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி 36ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. படைப்புகளைக் காக்கும் தொழில்நுட்பப் பூட்டுகளை மீறுவதைப் பற்றிய பிரிவு அது. ஆகவே, ஒரு பள்ளியோ நூலகமோ பூட்டிய வட்டு ஒன்றைப் படியெடுக்க எண்ணினால், வெளியீட்டாளரிடம் இசைவு கேட்பதும் சட்டம் அறிந்தவரிடம் ஆலோசனை பெறுவதும் கடமை. மாணவருக்கு நேர்மையைக் கற்பிக்கும் இடத்தில் நாம் குறுக்கு வழியைக் கற்பிக்கலாகாது.

ஆனால் ஓர் ஆறுதல் உண்டு. தலைமையாசிரியர் கொண்டு வந்தது போன்ற வட்டுகள், அதாவது பள்ளி விழா, திருமணம், கோயில் திருவிழா, நாடகம் ஆகியவற்றை நாமே பதிந்த வட்டுகளில், மண்டலமும் இல்லை, பூட்டும் இல்லை. அவற்றைக் காப்பதற்கு எந்தத் தடையையும் உடைக்க வேண்டியதில்லை. நம் கவனமின்மை ஒன்றே அவற்றுக்குப் பகை.

நிறைவு பெறாத வட்டு

அந்த வட்டுக்கு வருவோம். என் கணினியில் மற்ற வட்டுகள் ஓடின. இது மட்டும் ‘வெறுமையானது’ என்று காட்டப்பட்டது. வட்டைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். மையத்திலிருந்து பாதி வரை ஒரு நிறமும், அதற்கு அப்பால் வேறொரு நிறமும் தெரிந்தன. எழுதப்பட்ட பகுதி கண்ணுக்கே புலப்படுகிறது, கணினிக்குத்தான் புலப்படவில்லை.

“ஐயா, இதை எந்தக் கருவியில் பதிந்தீர்கள்?” என்று கேட்டேன். தொலைக்காட்சியோடு இணைக்கும் டிவிடி பதிவுக்கருவி ஒன்றில், தம் மைத்துனர் கேமரா நாடாவிலிருந்து மாற்றித் தந்ததாகச் சொன்னார். நோய் விளங்கிவிட்டது. அத்தகைய கருவிகளில் பதிவு முடிந்ததும் ‘ஃபைனலைஸ்’ என்னும் நிறைவுப் பணியைச் செய்ய வேண்டும். அப்போதுதான் வட்டின் உள்ளடக்க அட்டவணை எழுதப்பட்டு, பிற கருவிகள் அதனைப் படிக்க இயலும். நூலை அச்சிட்டுவிட்டு, பொருளடக்கமும் அட்டையும் இன்றிக் கட்டாமல் விட்டதைப் போன்றது நிறைவு பெறாத வட்டு.

மைத்துனர் வீட்டுச் சாமான் அறையில் அந்தக் கருவி இன்னும் இருந்தது, எங்கள் நற்பேறு. ஆனால் நிறைவு செய்வது என்பது வட்டின்மேல் மீண்டும் எழுதும் செயல். பழைய வட்டில் அது தவறினால் உள்ளதும் போகும். எனவே முதலில் அந்தக் கருவியிலேயே வட்டை ஓட்டி, தொலைக்காட்சிக்குச் செல்லும் வெளியீட்டைக் கணினியில் பதிந்து கொண்டோம். அதன் பிறகே நிறைவுப் பணியைத் தொடங்கினோம். சில நிமிடங்களில் அது முடிந்தது. கணினியில் இட்டபோது, முன்பு வெறுமை என்று காட்டப்பட்ட வட்டில் ‘வீடியோ டிஎஸ்’ என்னும் கோப்புறை தோன்றியது.

இதே போன்ற வேறொரு நிலையையும் அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். மறுபதிவு செய்யத்தக்க சில வட்டுகளில் ‘வீடியோ டிஎஸ்’ இருக்காது. ‘டிவிடி ஆர்டிஏவி’ என்னும் கோப்புறையும் அதனுள் ‘விஆர்ஓ’ என முடியும் பெரிய கோப்பும் இருக்கும். அதனை டிவிடியாகத் திறக்க முயன்றால் மென்பொருள் மறுக்கும். அந்தக் கோப்பைக் கணினியில் படியெடுத்து, சாதாரணக் காணொளிக் கோப்பாகவே விஎல்சியில் திறந்தால் பெரும்பாலும் ஓடிவிடும்.

பாதியில் உறைந்த பாட்டு

வட்டு ஓடியது. வரவேற்பு நடனம், தலைமையாசிரியரின் உரை, பரிசளிப்பு. பிறகு பாட்டி மேடையேறினார். முதல் பாட்டின் நடுவிலேயே படம் உறைந்து நின்றது. முதலில் எடுத்த பதிவிலும் அதே இடத்தில் அதே தடங்கல் இருந்தது. தலைமையாசிரியர் ஒன்றும் பேசவில்லை.

இந்த நிலையில் மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்ப்பது தவறு. கெட்ட இடத்தில் டிரைவ் திணறித் திணறிப் படிக்க முயலும். வட்டுக்கும் டிரைவுக்கும் அது நல்லதன்று. செய்ய வேண்டியது, வட்டு முழுவதையும் ஒரே கோப்பாகப் படியெடுப்பது. இதற்கென ‘ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ’ என்னும் கட்டற்ற கருவி உண்டு. அதன் அறிவு எளியது, ஆனால் ஆழமானது: எளிதாகப் படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துக்கொள்ளும், கடினமானவற்றைக் குறித்து வைத்துவிட்டுப் பின்னர் திரும்பி வரும். எதைப் படித்தது, எதைப் படிக்கவில்லை என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொள்ளும். பணியை நிறுத்தி நாளை தொடரலாம். நன்கு படித்த மாணவன் தேர்வெழுதும் முறையும் இதுதானே!

இதில் ஒரு சிறப்பு உண்டு. ஒரு டிரைவ் படிக்க இயலாத இடத்தை மற்றொரு டிரைவ் படித்துவிடக்கூடும். அதே வரைபடக் கோப்பைக் கொண்டு வேறொரு கணினியின் டிரைவில் தொடர்ந்தால், விடுபட்ட இடங்கள் மட்டும் நிரப்பப்படும். வட்டின் கூறளவு 2048 பைட் என்பதைக் கருவிக்குச் சொல்லிவிட்டு, என்னிடமிருந்த இரு டிரைவுகளில் மாற்றி மாற்றி ஓரிரவு முழுதும் ஓட்டினேன். காலையில் கிடைத்த கோப்பை விஎல்சியில் திறந்தோம். பாட்டியின் பாட்டில் ஓரிடத்தில் சில நொடிகள் படம் கட்டங்களாகச் சிதறியது. குரல் ஒருமுறை அறுந்து, மீண்டும் சேர்ந்தது. மற்றவை அனைத்தும் வந்துவிட்டன. தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “அந்த இடத்தில் என்ன சொல் வரும் என்று எனக்குத் தெரியும், தம்பி, எழுதிக்கொள்ளுங்கள்” என்றார். எழுதிக்கொண்டேன்.

சிறு குறைகள், சிறு தீர்வுகள்

எஞ்சிய குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் நாட்டில் பதிந்த வட்டுகளில் நொடிக்கு 25 சட்டங்கள். ஒவ்வொரு சட்டமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரு பாதிகளாகப் பிரிந்தே பதிவாகியிருக்கும். பழைய தொலைக்காட்சிக்கு அது பொருந்தியது. கணினித் திரையில் பரத நாட்டியக் கலைஞரின் கை விரைந்து அசையும்போது, விளிம்பில் சீப்பின் பற்களைப் போல் கோடுகள் தெரியும். இது வட்டின் பழுதன்று. விஎல்சியின் காணொளிப் பட்டியலில் ‘டீஇன்டர்லேஸ்’ என்பதை இயக்கினால் கோடுகள் மறையும். முகங்கள் நீண்டோ அகன்றோ தெரிந்தால், படவிகிதத்தை மாற்ற ஆங்கில ‘ஏ’ விசையை அழுத்திப் பாருங்கள்.

ஒலி இல்லையெனில், முதலில் ஒலித்தடத்தை மாற்றிப் பாருங்கள். ஒரு வட்டில் எட்டு ஒலித்தடங்கள் வரை இருக்கலாம். ஒலியைப் பிரித்தறியாமல் அப்படியே வெளிக்கருவிக்கு அனுப்பும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், சாதாரண ஒலிபெருக்கியில் ஒன்றும் கேட்காது. அதனை அணைக்க வேண்டும். பட்டியல் பக்கத்திலேயே மென்பொருள் சிக்கி நின்றால், வட்டைத் திறக்கும் சாளரத்தில் ‘வட்டுப் பட்டியல் வேண்டா’ என்னும் தெரிவைக் குறியிட்டு, நேரே படப்பகுதிக்குச் செல்லலாம்.

இனித் துணைத்தலைப்பு. இந்த அவைக்கு மிக நெருக்கமானது இதுவே. டிவிடியின் துணைத்தலைப்பு எழுத்தன்று; படம். ஒவ்வொரு வரியையும் வட்டு உருவமாகவே ஏந்தி வருகிறது. ஆகவே, வட்டோடு வந்த தமிழ்த் துணைத்தலைப்பு எந்தக் கணினியிலும் குலையாது. குலைவது, நாம் தனியே எழுதிச் சேர்க்கும் துணைத்தலைப்புக் கோப்பில்தான். யூனிகோடு பரவுமுன் தமிழ் எழுத்துகளுக்குப் பல குறியாக்கங்கள் வழங்கின. 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டின் வழி வந்த டாம், டாப் ஆகியவையும், திஸ்கியும் அவற்றுள் அடங்கும். அந்தக் காலத்தில் ஓர் ஆசிரியர் தட்டச்சு செய்து வைத்த கோப்பை இன்று திறந்தால், பொருளற்ற இலத்தீன் குறிகளே தெரியும். எழுத்துரு மாற்றியின் வழி அதனை யூனிகோடாக மாற்றி, யுடிஎஃப்-8 என்னும் வடிவில் சேமித்து, தமிழ் உள்ள எழுத்துருவைத் தேர்ந்தால் சீராகும். மற்றொன்று, ‘கொ’ போன்ற எழுத்தில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து அமர வேண்டும். 2018ஆம் ஆண்டின் விஎல்சி 3.0 இத்தகைய எழுத்துக்கோப்பை அறிந்தது. அதற்கு முந்தைய பதிப்புகளில் தமிழ் குலைந்து தெரிந்தால், தீர்வு பதிப்பை உயர்த்துவதே.

கேள்வியும் ஒரு மொழிப் பயிற்சி

திறமூல மென்பொருளில் உதவி கேட்க விரும்பும் மாணவர்களுக்கு ஒரு சொல். அங்கே கட்டணம் வாங்கும் பணியாளர் இல்லை; தம் ஓய்வு நேரத்தைத் தருபவர்களே இருக்கிறார்கள். அவர்களிடம் ‘ஓடவில்லை, உதவுங்கள்’ என்பது கேள்வியாகாது. வட்டு கடையில் வாங்கியதா, வீட்டில் பதிந்ததா? எந்த இயங்குதளம், மென்பொருளின் எந்தப் பதிப்பு? எந்த நிலையில் நின்றது? மென்பொருள் காட்டிய செய்தி என்ன? இதுவரை எதைச் செய்து பார்த்தீர்கள், என்ன விளைந்தது? இந்த ஐந்துக்கும் விடை எழுதினால், பாதி நேரங்களில் எழுதும்போதே தீர்வு உங்களுக்குத் தோன்றிவிடும். விஎல்சியில் கருவிப் பட்டியலின்கீழ் ‘செய்திகள்’ என்னும் சாளரம் உண்டு. மென்பொருள் ஒவ்வோர் அடியிலும் எதைச் செய்ய முயன்றது, எங்கே தடுமாறியது என்று அங்கே சொல்கிறது.

ஆசிரியப் பெருமக்களே, இதை ஒரு கட்டுரைப் பயிற்சியாக வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். கண்டதைக் கண்டவாறு, முன்பின் மாறாமல், மிகையின்றி எழுதுவது எளிதன்று. வருணனைக் கட்டுரைக்கு நாம் தரும் மதிப்பைப் பழுதறிக்கைக்கும் தரலாம். தமிழில் நுட்பமாகச் சிந்திக்க முடியும் என்பதை மேடையில் முழங்குவதைவிட, ஒரு மாணவன் தெளிவாக எழுதிய ஒரு பக்கம் நன்றாக மெய்ப்பிக்கும்.

வேண்டுகோள்

நிறைவாக ஒரு வேண்டுகோள். இரண்டாயிரத்தின் முதற்பத்தாண்டில் நம் பள்ளிகளும் கோயில்களும் குடும்பங்களும் தங்கள் நினைவுகளை டிவிடி வட்டுகளில் சேர்த்து வைத்தன. பதிவு வட்டுகளில் தகவல் ஒரு சாய அடுக்கில் எழுதப்படுகிறது. வெயிலும் வெப்பமும் நம் ஊர்ப் புழுக்கமும் அந்தச் சாயத்துக்குப் பகை. வட்டுகளைப் பெட்டியில் நிமிர்த்தி, நிழலான உலர்ந்த இடத்தில் வையுங்கள். அதற்கும் மேலாக, இந்தப் பள்ளி விடுமுறையிலேயே அவற்றைப் படியெடுத்துவிடுங்கள். முழு வட்டின் படிக்கோப்பை அப்படியே காத்து, பார்ப்பதற்கு மட்டும் சிறிய காணொளியாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு படி பள்ளியில், ஒரு படி ஆசிரியர் வீட்டில், ஒரு படி வேறோர் ஊரில் இருக்கட்டும். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் ஆண்டு, இடம், நிகழ்ச்சி ஆகியவற்றைக் குறியுங்கள். பாடியவர் யார், ஆடியவர் யார் என்று அறிந்தவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள்.

அந்த ஆண்டு விழா வட்டு இப்போது மூன்று இடங்களில் படியாக இருக்கிறது. அறுந்துபோன அந்தச் சில நொடிகளின் சொற்கள் ஒரு தாளில் இருக்கின்றன. தலைமையாசிரியர் நினைவிலிருந்து சொல்ல நான் எழுதிய தாள் அது. அவர் இன்னும் ஐந்தாண்டு தாமதித்து வந்திருந்தால் வட்டும் கிடைத்திராது. சொல்வதற்கு அவரும் இருந்திருப்பாரோ, அறியேன். ஆகவே, ‘ஓடவில்லை’ என்று எவரேனும் ஒரு வட்டை உங்களிடம் நீட்டினால், எறிந்துவிடாதீர்கள். எந்த நிலையில் ஓடவில்லை என்று முதலில் கேளுங்கள்.